புதுப்பிப்பு: காவடிப் படங்களின் பச்சை முகம் தீர்ந்தது

மொரீஷியஸின் கோர் தெ கார்து மலை முருகன் கோயிலில் எடுத்த தைப்பூசக் காவடிப் படங்கள், பிரிண்டில் வெளிறிப்போய் முகமெல்லாம் பச்சையடித்து வந்தன என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் வெளிறல். கேமரா படத்தை அடோபி ஆர்ஜிபி என்ற, அதிக நிறங்களை அடக்கும் நிற முறையில் சேமித்திருக்கிறது. பிரிண்ட் போடும் லேப் மெஷினோ, படம் எந்த நிற முறையில் இருக்கிறது என்று சொல்லும் ப்ரொஃபைலைப் பார்ப்பதே இல்லையாம். எது வந்தாலும் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற முறை என்றே எடுத்துக்கொள்ளும். நிறம் செத்துப்போகாமல் என்ன செய்யும்? இந்த முறை எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வெர்ட்' செய்து, அதாவது படத்தின் நிற எண்களையே அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தேன். 'அசைன்' வேண்டாம், அது எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றும், வெளிறல் அப்படியே இருக்கும்.

பச்சை முகம்தான் வேடிக்கை. நம் மொரீஷியஸ் காவடியில் சேலை, வேட்டி, பூ எல்லாமே ரோஸ். ஃப்ரேம் முழுக்க ரோஸைக் கண்ட மெஷின், படத்தில் மஜந்தா (ரோஸ் சாயல்) ஏறிவிட்டது என்று தானாகவே அதற்கு எதிர் நிறமான பச்சையைக் கூட்டியிருக்கிறது. ஆட்டோ கரெக்ஷனை நிறுத்தச் சொன்னதும் கடைத் தம்பி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் செய்து கொடுத்தார். இப்போது அக்காவின் அலகு வேல் வெள்ளியாகவே தெரிகிறது, நெற்றி விபூதியிலும் பச்சை இல்லை.

படம் இன்னும் கொஞ்சம் இருட்டுதான். ஸ்கிரீன் வெளிச்சத்தை ஏற்றி வைத்து எடிட் செய்தால் அப்படித்தான் வரும். அதைக் குறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய சைஸ் போடப்போகிறேன்.