குரலால் எழுதப் பழகிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வலது மணிக்கட்டில் கார்ப்பல் டன்னல், அதாவது நரம்பு அழுந்தும் கோளாறு என்று டாக்டர் சொன்னபோது, வலியை விட வேலையை நினைத்துத்தான் பயந்தேன். நாள் முழுக்க மொழிபெயர்ப்பு டைப் செய்து பிழைப்பவள் நான். இரவில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து, கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கைக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில்தான் வீட்டுக் கணினியில் பேசி எழுதும் வசதியைத் திறந்தேன். எட்டு மாதம் ஆகிறது. இப்போது என் வேலையில் முக்கால்வாசி குரலில்தான் நடக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் விட்டுவிட இருந்தேன். அப்படி விட்டுவிட நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் "பள்ளி" என்று சொன்னேன். "பல்லி" என்று விழுந்தது. இன்னும் அழுத்திச் சொன்னேன், மறுபடியும் பல்லி. குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல "பள்... ளி" என்று பிரித்துச் சொன்னேன். இரண்டு துண்டாக, பொருளே இல்லாத ஏதோ வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்திப் பேசச் சொல்லி என்னைப் பழக்கியவர் என் அண்ணன். அவர் தொண்ணூறுகளிலேயே ஆங்கிலத்தில் இதையெல்லாம் முயன்று பார்த்தவர். அந்தக் காலத்துக்கு அவர் சொன்னது சரிதான். 1990-இல் வந்த டிராகன் டிக்டேட் என்ற பேசி எழுதும் மென்பொருளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத்தான் பேசவேண்டும். தொடர்ச்சியாகப் பேச விட்டது 1997-இல் வந்த டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங். இன்றைய மென்பொருள்களுக்கு அந்தப் பழைய பழக்கம் கெடுதல். அவை ஒலியை மட்டும் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. அதே "பள்ளி"யை "பள்ளி மாணவர்கள் வரிசையில் நின்றார்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னேன், பிசகாமல் வந்தது. அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அப்புறம் மைக். மடிக்கணினியோடு வரும் மைக்கில் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து பதிவாகும். சாதாரண யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று மாட்டியதுமே பிழைகள் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். வாயின் ஓரத்தில், இரண்டு விரற்கடை தள்ளி, கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். நேராக இருந்தால் "ப" வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று அதில் போய் மோதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு உண்மையான சவால் வேறு. நம் வாய்க்குப் பேச்சுத் தமிழ்தான் பழக்கம். "வந்துக்கிட்டு இருக்காங்க" என்றால் அதையே அப்படியும் இப்படியும் பிய்த்துப் போடும். "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று முழுசாகச் சொல்லவேண்டும், செய்தி வாசிப்பவர்போல. வெட்கமாக இருந்தது, வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று. தினமும் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் ஏதாவது ஒரு கட்டுரையை உரக்கப் படித்தேன். மூன்றே வாரத்தில் நாக்கு வளைந்துகொடுத்தது.

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. நம் மொழியில் வினை கடைசியில் வரும். டைப் செய்யும்போது வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, எப்படி முடிப்பது என்று போகப்போக யோசிக்கலாம். குரலில் அது நடக்காது. நடுவில் தயங்கி நின்றால், அதுவரை சொன்னதை மட்டும் வைத்து மென்பொருள் ஒரு முடிவுக்கு வந்துவிடும், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். அதனால் வாய் திறக்கும் முன்பே கடைசி வினை எது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் இது பாரமாக இருந்தது. இப்போது என் வாக்கியங்களே தெளிவாகிவிட்டன என்று எடிட்டர் சொல்கிறார்.

எச்சரிக்கையாக ஒன்று. ஒருவரின் "மனமுறிவு" பற்றிய கடிதம் ஒன்றை மொழிபெயர்த்தேன். மூன்று இடத்திலும் "மணமுறிவு" என்று விழுந்திருந்தது. மனம் உடைந்தவரை விவாகரத்தானவராக ஆக்கியிருந்தேன்! பக்கத்துச் சொற்களும் இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் இரண்டுமே பொருந்தும். கணினியையே திரும்ப வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டும் பார்த்தேன், காது கண்டுபிடிக்கவில்லை. ன, ண வேறுபாட்டைக் கண்தான் பிடிக்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் மூன்று முறை பார்க்கிறேன்: ஒருமுறை ல, ள, ழ, ஒருமுறை ன, ண, கடைசியில் ஒற்றெழுத்துகள். "தமிழ்ப் பாடம்" என்பதில் ப் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். நான் பயன்படுத்துவதில் "முற்றுப்புள்ளி" என்று சொன்னால் அந்தச் சொல்லே எழுத்தாக வந்து நிற்கும். புள்ளியை இடது கையால் நானே வைத்துவிடுகிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன். பேசும்போதே கைபேசியிலும் பதிவு போட்டுவிடுங்கள். பிற்பாடு ஒரு வரி புரியவில்லை என்றால், நாம் என்னதான் சொன்னோம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

*

சகோதரி சொன்னது அத்தனையும் சரி. நான் சட்ட ஆவணங்கள் தட்டச்சு செய்பவன். அடுத்தவர் வழக்கு விவரங்களை இணையம் வழியாக வேறெங்கோ அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் இணையத் தொடர்பே இல்லாமல், என் கணினிக்குள்ளேயே ஓடும் ஒன்றைத் தேடினேன். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். 6,80,000 மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகியது, தமிழும் தெரியும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் கிடைக்கிறது. பெரியதில் தமிழ் நன்றாக வரும், ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அது நகரவே நகராது. என் வழக்கம் இதுதான்: பேசியதை முதலில் ஒலிக்கோப்பாகச் சேமித்துவிட்டு, சாப்பிடப் போகும் நேரத்தில் அதை எழுத்தாக்க விட்டுவிடுவேன். எந்த மென்பொருளாக இருந்தாலும், யோசிக்கும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். நீண்ட மௌனத்தில், நாம் சொல்லாத வாக்கியத்தை இந்த வகை மென்பொருள்கள் தாமாகவே எழுதிவிடுவதுண்டு. சட்ட ஆவணத்தில் அப்படி ஒரு வரி நுழைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

*

வினை கடைசியில் வரும் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு பார்க்கின்சன். கை நடுக்கத்தால் ஆறு வருடமாக அவர் எதுவும் எழுதவில்லை. அதற்கு முன்பு தன் தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதியவர்.

குரலில் எழுதலாம் என்று சொன்னதும் ஆசையாக உட்கார்ந்தார். ஆனால் இந்த நோயில் குரலும் தாழ்ந்துபோகும். வாக்கியம் தொடங்கும்போது தெளிவாக இருக்கும், முடியும்போது தேய்ந்துவிடும். அப்படித் தேய்கிற இடத்தில்தான் நமக்கு வினை இருக்கிறது. "நான் இப்போது நன்றாக" என்று திரையில் வந்து நிற்கும். இருக்கிறேனா, இல்லையா? அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேண்டாம்டா, எடுத்து வை" என்றார்.

நான் எடுத்து வைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி தருபவரிடம் கேட்டோம். மூச்சை நன்றாக இழுத்து, நாலு சொல்லுக்கு மேல் போகாமல், கடைசிச் சொல்லைத்தான் உரக்கச் சொல்லவேண்டும் என்றார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் குரல் கொஞ்சம் எழும்பும், அந்த நேரத்தில் மட்டும் உட்கார்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசி வார்த்தையத் தள்ளி விடும்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். "நான் நன்றாக இருக்கிறேன்." இந்த ஒரு வரி முழுசாக வர ஒன்பது நாள் ஆயிற்று. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது வாரம் ஒரு கடிதம், ஏழெட்டு வரி. ஒரே சிக்கல், சித்தியின் பெயர். பழைய காலத்துப் பெயர், ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக விழுகிறது. அதிலேயே அம்மா சோர்ந்துவிடுகிறார். யாராவது வழி சொல்லுங்களேன்.

*

தம்பி, பெயரைச் சொல்லவே வேண்டாம். பெயர் வரும் இடத்திலெல்லாம் அம்மாவை "தங்கச்சி" என்று சொல்லச் சொல்லுங்கள், அது தப்பாமல் விழும். கடிதம் முடிந்ததும் "தேடி மாற்று" வசதியில் தங்கச்சியை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டுவிடலாம். மொழிபெயர்ப்பில் வாயில் நுழையாத பெயர்களுக்கு நான் செய்வது அதுதான். முதல் தடவை மாற்றும்போது, அந்தப் பொத்தானை அம்மாவையே அழுத்தச் சொல்லுங்கள்.