மறுபதிப்பு வராதா என்று ஏங்க வைத்த ஹார்ட் பாப் இசைத்தட்டுகள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி உறுப்பினர்:

நண்பர்களே, ஜாஸின் ஒரு பாணியான ஹார்ட் பாப் என்றதும் ஆர்ட் பிளேக்கி, லீ மார்கன், ஹொரேஸ் சில்வர் என்று போய்விடுகிறோம். அவர்கள் தட்டுகளுக்கு எந்தக் கடையிலும் பஞ்சமில்லை. அவர்களோடு தோளுரசி வாசித்துவிட்டு அப்படியே மறைந்துபோனவர்கள் உங்களுக்கு எங்கே, எப்படிக் கிடைத்தார்கள்? நான் டீனா புரூக்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

1960 ஜூன் 25. இங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. 'ட்ரூ புளூ' அன்றுதான் பதிவானது. டெனர் சாக்ஸபோனில் டீனா, டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், பியானோவில் டியூக் ஜோர்டன். அதற்குச் சில நாள் முன்புதான் ஹப்பர்டின் முதல் தட்டான 'ஓப்பன் செசமி'யில் இருவரும் சேர்ந்து வாசித்திருந்தார்கள். அதன் தலைப்புப் பாட்டை எழுதியதே டீனாதான். ஹப்பர்ட் எங்கோ உயரத்துக்குப் போனார். டீனா உயிரோடு இருந்தவரை அவர் பெயரில் வந்தது 'ட்ரூ புளூ' ஒன்றுதான். 1974-ல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் புளூ நோட் நிறுவனம் அவரை வைத்து நான்கு தட்டுக்கான இசையைப் பதிவு செய்திருந்தது. 1958-ல் பதிவான 'மைனர் மூவ்' குழுவைப் பாருங்கள்: லீ மார்கன், சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், ஆர்ட் பிளேக்கி. இந்த டேப் பெட்டிக்குள் கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? 'பேக் டு தி டிராக்ஸ்' தட்டுக்கு 4052 என்று எண்ணே கொடுத்துவிட்டார்கள், அட்டையும் தயார். தட்டு மட்டும் வரவில்லை. புளூ நோட்டை நடத்திய ஆல்ஃப்ரட் லயன் வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்துகொண்டே போனவர். அந்தத் தாராளம் இல்லையென்றால் இந்த இசையே இருந்திருக்காது. அதே தாராளத்தில்தான் டீனா மாதிரியானவர்கள் அடியில் அமுங்கியும் போனார்கள்.

இங்கே ஒரு பழைய தட்டுக் கடையில்தான் 'ட்ரூ புளூ' முதல் பதிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விலை ஆயிரக்கணக்கான டாலர், வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. கடைக்காரர் தட்டை விளக்குக்கு நேரே சாய்த்து, லேபிளைச் சுற்றியிருக்கும் வெற்று வளையத்தைக் காட்டினார். ஒரு பக்கம் 'ஆர்விஜி' என்று வான் கெல்டரின் முத்திரை. சற்றுத் தள்ளி, காது மடல் போல ஒரு சின்னக் கீறல். அது பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம், 1966-க்குப் பிறகு அடித்த தட்டுகளில் இருக்காது. ஊசி வைக்கவே இல்லை, ஆனாலும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

2019-ல் புளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசையில் 'மைனர் மூவ்' வந்தபோது அட்டையை விரித்தால் உள்ளே ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்கள். கெவின் கிரே மூல டேப்பிலிருந்தே நேராக வெட்டிய தட்டு. பிளேக்கி பின்னாலிருந்து தள்ளத் தள்ள, அந்தத் தள்ளலுக்குக் கொஞ்சமும் அசராமல் டீனா தன் நிதானத்தில் வாசிக்கிறார். ஒரு தடவை கேளுங்கள்.

டோக்கியோ உறுப்பினர்:

அண்ணா, 'மைனர் மூவ்' முதன்முதலில் தட்டாக வந்ததே இங்கேதான், 1980-ல், கிங் ரெக்கார்ட்ஸ் மூலம். அமெரிக்க டேப் அறைக்குள் தூசி தட்டித் தேடியவர் மைக்கேல் கஸ்குனா. அவர் கண்டெடுத்ததில் பலவற்றை ஜப்பான்காரர்கள்தான் முதலில் அச்சிட்டார்கள். 1985-ல் மொசைக் நிறுவனம் டீனாவின் எல்லாப் பதிவுகளையும் நான்கு தட்டுப் பெட்டியாகப் போட்டதும் கஸ்குனா முயற்சிதான். 2024-ல் அவர் மறைந்தபோது இங்கே பல ஜாஸ் கிஸ்ஸாக்களில் அன்று முழுக்க அவர் மீட்ட தட்டுகளையே போட்டார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள்.

கிஸ்ஸா என்றால் பேசாமல் உட்கார்ந்து தட்டு கேட்கும் காபிக் கடை. ஒச்சானோமிசு பக்கம் ஒன்றில் டிரம்பெட்காரர் லூயிஸ் ஸ்மித்தின் தட்டு இருக்கிறதா என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் போய், 'ஹியர் கம்ஸ் லூயிஸ் ஸ்மித்' அட்டையைத் தட்டுச்சுழலிக்கு மேல் நிறுத்தி வைத்தார். 1958-ல் டாம் வில்சனின் டிரான்சிஷன் நிறுவனத்துக்காகப் பதிவானது. அந்த நிறுவனம் மூடிப்போக, புளூ நோட் வாங்கி வெளியிட்டது. ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர் பெயர் 'பக்‌ஷாட் லா ஃபங்க்' என்று போட்டிருக்கும். அது கேனன்பால் ஆடர்லிதான்! வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் பெயரை மறைத்தார்கள். நாலு சுரம் கேட்டால் போதும், மறைக்கவே முடியாது. ஸ்மித் இரண்டு தட்டோடு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார், 1970-களின் கடைசியில்தான் மறுபடி பதிவுக்கு வந்தார்.

லண்டன் உறுப்பினர்:

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பழைய ஹார்ட் பாப் எல்லாம் மலிவு விலையில் கொட்டிக் கிடக்கிறது. ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டாக இருந்தது. 2013-ல் 70 ஆக நீட்டியபோது, 1963-க்கு முன் வெளியானவை ஏற்கெனவே உரிமை முடிந்தவை என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மூல டேப் இவர்கள் கைக்கு வராது, பெரும்பாலும் சிடியிலிருந்தே எடுக்கிறார்கள். அப்படி ஒன்றை ஆசையோடு வாங்கினேன். 180 கிராம் கனத் தட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், பிரஷ் வைத்து வாசித்த டிரம் மழைச் சாரல் ஓட்டில் விழுவது போல மழுங்கிக் கிடந்தது. கலைஞர் குடும்பத்துக்கு இதில் ஒரு காசு போகும் என்றும் நான் நம்பவில்லை. கிடைக்காத தட்டு கிடைக்கிறதே என்று வாதாடுபவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதை மறுபதிப்பு என்று கணக்கில் சேர்க்க மாட்டேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர்:

எல்லோரும் நியூயார்க்கையே சுற்றுகிறீர்கள். மேற்குக் கரையிலும் ஹார்ட் பாப் உண்டு சார். ஹெரால்ட் லேண்டின் 'தி ஃபாக்ஸ்', 1959-ல் இங்கே பதிவானது. பாட்டுகளில் பாதிக்கு மேல் பியானோ வாசித்த எல்மோ ஹோப் எழுதியவை. டிரம்பெட் டூப்ரீ போல்டன். தலைப்புப் பாட்டின் வேகத்தில் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும், அவர் சிரமமே இல்லாமல் பறக்கிறார். யார் இவர் என்று தேடினால் தகவல் மிகக் குறைவு. போதைப் பழக்கம், சிறை, மறுபடி சிறை. அவர் பெயரைச் சொல்ல முக்கியமாக இருப்பது இரண்டே தட்டு. மற்றது 1963-ல் கர்ட்டிஸ் ஏமியோடு சேர்ந்து பசிஃபிக் ஜாஸ் நிறுவனத்துக்குச் செய்த 'கடாங்கா!'.

அதற்காக எத்தனையோ காலம் காத்திருந்தேன். டோன் போயட் அறிவிப்பில் அட்டைப் படத்தைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டாள். தலைப்புப் பாட்டு போல்டனே எழுதியது. அதில் அவர் டிரம்பெட் நுழையும் இடத்தில் எப்போதும் வேலையை நிறுத்திவிடுவேன். 1993-ல் இறந்தார். இன்னும் பத்துத் தட்டாவது அவரிடம் இருந்திருக்க வேண்டும்.

நியூ ஜெர்சி உறுப்பினர்:

அருமை. போல்டனைக் கொண்டுவந்ததற்குத் தனியாக நன்றி.

என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'புளூ டிரெய்ன்', 'மோனின்' என்ற பிரபலத் தட்டுகள் இரண்டும் எத்தனை வடிவத்தில் வந்தாயிற்று! விற்கும் தட்டைத்தான் அச்சிடுவார்கள், அது புரிகிறது, அந்தக் காசில்தான் 'கடாங்கா!' மாதிரியானவை வருகின்றன என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: தெரியாத பெயர் அறிவிப்பில் வந்தால் தயங்காமல் முதல் வாரமே வாங்குங்கள். அடுத்த தெரியாத பெயர் வருமா என்பது அந்த விற்பனையைப் பார்த்துத்தான்.

புளூ நோட் டேப்புகள் கஸ்குனா புண்ணியத்தில் பட்டியலோடு பத்திரமாக இருக்கின்றன. பிரெஸ்டீஜ், ரிவர்சைட் நிறுவனங்களின் தட்டுகளுக்கு 2023 முதல் கிராஃப்ட் நிறுவனம் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையைப் புதுப்பித்திருக்கிறது. சின்ன நிறுவனங்கள்தான் பாவம். சிகாகோவின் வீ-ஜே 1966-ல் திவாலாகி, அதன் சொத்து கை மாறிக் கை மாறிப் போனது. மெம்ஃபிஸ்காரர் ஃபிராங்க் ஸ்ட்ரோஸியர் ஆல்ட்டோ வாசித்த 'ஃபென்டாஸ்டிக் ஃபிராங்க் ஸ்ட்ரோஸியர்' அங்கேதான் வந்தது. கூட வாசித்தவர்கள் மைல்ஸ் டேவிஸின் அன்றைய ரிதம் குழுவேதான்: விண்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். டிரம்பெட் புக்கர் லிட்டில், 1961-ல் 23 வயதிலேயே இறந்துபோன பிள்ளை. அவர் விட்டுச்சென்றதே கொஞ்சம், அதில் ஒவ்வொரு நிமிடமும் மூல டேப்பிலிருந்து கேட்கத் தகுதியானது. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான்.

வீ-ஜே முதல் பதிப்பு யாரிடமாவது இருந்தால் லேபிள் படமும், வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணும் போடுங்கள். அடுத்து யார்?