மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில்: தரையில் போடாமல் ஏன் தூண் மேல்?

பயணி508: மொத்தம் 508 கி.மீ. வழியில் ஏறக்குறைய 460 கி.மீ. தூண்கள் மேலேயே போகிறது. மண்கரை எழுப்பினால் செலவு குறையாதா? இருக்கிற அகலப்பாதையையே பலப்படுத்தி ஓட்டினால் என்ன?

கேஜ்1435: அகலப்பாதையில் இடிப்பது வளைவு. வேகமாகத் திரும்பும் ரயில் வெளிப்பக்கம் தள்ளப்படும், அதைச் சமன்செய்ய வெளித் தண்டவாளத்தை உயர்த்துவார்கள். எத்தனை மி.மீ. தூக்க வேண்டும் என்பதற்கு, தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ. உள்ள (புல்லட் ரயில்) பாதையில் கணக்கு: 11.8 × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம் (மீட்டரில்). 320 கி.மீ. வேகம், 6,000 மீ. ஆரம் என்றால் 201 வரும். 180 தூக்கிவிட்டு மீதியை அப்படியே விடலாம், பயணிக்குத் தெரியாது. பழைய பாதைகளில் சாதாரணமாக இருக்கும் 1 டிகிரி வளைவுக்கு (1,750 மீ.) போட்டுப் பாருங்கள்: 690. அப்படி ஒரு பாதையை யாரும் போட முடியாது.

ஸ்லாப்: கரை மலிவுதான், போடுகிற அன்றைக்கு மட்டும். தெற்கு குஜராத்தில் நிறைய இடம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஜல்லிப் பாதை இறங்கினால் மெஷின் விட்டுத் தூக்கிக்கொள்ளலாம். இங்கே ஜல்லியே கிடையாது. 4,900 × 2,200 × 190 மி.மீ. அளவில், சுமார் 3.9 டன் எடையுள்ள வார்ப்புப் பலகைகள். அடியில் கான்கிரீட் படுகை, இரண்டுக்கும் நடுவே சிமெண்ட்-ஆஸ்பால்ட் கலவை. அது பலகைக்கடியில் முழுசாகப் பரவாமல் காற்று நின்றுவிட்டால், ரயில் போகப் போகப் பலகை ஆடி மூலையில் விரிசல் விழும். கீழே மண்ணும் இறங்கினால் சரிசெய்ய வழி குறைவு.

நிலமும் மிச்சம்: தூண் வழிக்கு 17.5 மீ. அகலம் போதும். கரைக்குச் சரிவையும் சேர்த்து எடுக்க வேண்டும், வயலும் இரண்டாகும்.

பயணி508: சரி, நடுவில் ஓரிடத்தில் நிலம் சிக்கினால்? அதைத் தாண்டிப் போகலாமா?

கேஜ்1435: தூண் வரைக்கும் தாண்டலாம். கர்டர் (தூணுக்குத் தூண் வைக்கும் கான்கிரீட் உத்திரம்) ஏற்றும்போதுதான் மாட்டுவோம். 40 மீ. கர்டர் ஒன்று சுமார் 970 டன், யார்டிலேயே (வார்ப்புக் களத்திலேயே) ஒரே வார்ப்பு. ஏற்கெனவே வைத்த கர்டர்கள் மேலேயே வண்டி அதைச் சுமந்துகொண்டு வரும், முன்னால் நிற்கும் கேன்ட்ரி (தூக்கி வைக்கும் ராட்சத கிரேன்) வாங்கித் தூண் மேல் இறக்கும். ஆகவே ஒரு தூண் இல்லையென்றால் அந்த முனையே நின்றுபோகும். இதனால்தான் வழிநெடுக யார்டு போட்டுப் பல முனைகளில் தொடங்குகிறார்கள். ஒழுங்கில்லாத நீளம் வருகிற இடங்களில் துண்டுகளாக வார்த்துக் கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள், அது மெதுவான வேலை.