மிச்சிகன் பள்ளிக்கூடத்துல பேரன்: துப்பாக்கிச் சூடு பயம், கேசு, விசா – வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோபி அப்புச்சி:
வணக்கமுங்க. என்ற மகளும் மாப்பிள்ளையும் மிச்சிகன்ல ட்ராய்ங்கற ஊருக்குக் குடி போயிட்டாங்க. மாப்பிள்ளைக்கு எச்1பி வேலை விசா, மகளுக்கும் பேரனுக்கும் அவரச் சார்ந்தவங்களுக்கான எச்4. பேரன் மூணாவது படிக்கறான். நானும் ஊட்டுக்காரியும் விசிட்டர் விசாவுல கெளம்பறோம். சாயங்காலம் பையனக் கூட்டியார்ற வேலை என்னோடது. துப்பாக்கிச் சூடு நடந்த ஆக்ஸ்ஃபோர்டு அங்கிருந்து பக்கந்தான்னு யாரோ சொல்லிப்போட்டாங்க, ஊட்டுக்காரிக்குத் தூக்கமே இல்லீங்க. முன்கூட்டியே என்ன பண்ணி வெக்கோணும்? நடந்துபோச்சுன்னா கேசு, கோர்ட்டு எப்படிப் போகும்? விசாக்காரங்களுக்குச் சிக்கல் உண்டா?

நொய்யல்கரை:
ஐயா, பக்கந்தான். ட்ராய், ஆக்ஸ்ஃபோர்டு ரெண்டும் ஒரே ஓக்லாண்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஆனா உங்களுக்கு வர்ற வேலை பெரும்பாலும் துப்பாக்கியோட இல்லீங்க, வரிசையில நின்னு பேரனை வாங்கறதோடதான்.

மொதல் வேலை எமர்ஜென்சி கான்டாக்ட். ஸ்கூல் போர்ட்டல்ல அப்பா, அம்மா பேர் மட்டும் இருந்தா, நீங்க நேர்ல போயி நின்னாலும் பையனைத் தர மாட்டாங்க. மகளை உங்க பேரு, உங்க ஊட்டுக்காரம்மா பேரு ரெண்டையும் சேக்கச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ அதே எழுத்துல. போர்ட்டல்ல 'தாத்தா'ன்னு செல்லப் பேரும் பாஸ்போர்ட்டுல வேற பேரும் இருந்தா, சாதாரண நாள்ல டீச்சர் சிரிச்சு விட்டுருவாங்க. அந்த நாள்ல விட மாட்டாங்க. பையனக் கூட்டப் போறப்ப ஒரிஜினல் பாஸ்போர்ட் சட்டைக்குள்ள இருக்கோணும்.

ஏதாச்சும் நடந்தா பள்ளிக்கூடத்துக்குக் கார எடுத்துட்டு ஓடாதீங்க. ஆம்புலன்சுக்கு வழி வேணும்னு ரோட்டை மறிச்சிருப்பாங்க. பிள்ளைகளைத் திருப்பி ஒப்படைக்கறது வேற எடத்துல. 2021-ல ஆக்ஸ்ஃபோர்டு பிள்ளைக பக்கத்துல இருந்த மெய்ஜர் கடைக்குத்தான் போனாங்க. எந்த எடம்னு பள்ளி மாவட்டத்துல இருந்து, அதாவது அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களோட நிர்வாகத்துல இருந்து, மெசேஜ் வரும். அது வர்ற போன் நம்பரு போர்ட்டல்ல சரியா இருக்கான்னு இப்பவே பாருங்க. பழைய நம்பர், இந்தியா நம்பர்னு விட்டுட்டு அன்னிக்குத் தவிக்கறவங்க நெம்பப் பேரு.

அங்க போனா ஒரு அட்டை குடுப்பாங்க. மேல பாதி, கீழ பாதின்னு நடுவுல கிழிக்க வரி இருக்கும். பையன் பேரு, பொறந்த தேதி, வகுப்பு, உங்க பேரு எழுதி, ஐடிய காட்டோணும். சரிபார்த்துக் கிழிச்சு ஒரு பாதியை ஆள் எடுத்துட்டுப் போயி பையனைக் கூட்டியாருவாரு. பல பள்ளிக்கூடங்கள்ல இதுதான் முறை. மணிக்கணக்கா ஆகலாம். சுகர், பிரஷர் மாத்திரை, தண்ணி, பவர்பேங்க் கையில இருக்கட்டும். இங்கிலீஷ் எழுதத் தடுமாறுனா பையன் வெவரமெல்லாம் ஒரு சீட்டுல மகளை எழுதித் தரச் சொல்லி பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சுக்கங்க. அங்க தமிழ் தெரிஞ்ச ஆளு கெடைக்கமாட்டாங்க.

சென்னிமலைக்காரி:
மெசேஜ்ல வர்ற வார்த்தைகளைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஐயா. நெறைய மாவட்டங்கள்ல அஞ்சு வார்த்தைதான். 'ஹோல்டு'ன்னா வகுப்பை விட்டு வெளிய வராதே. தாழ்வாரத்துல யாருக்காச்சும் மயக்கம்னாக்கூட அதைச் சொல்லுவாங்க. 'செக்யூர்'ன்னா ஆபத்து வெளியில, வாசக்கதவு பூட்டியிருக்கு, உள்ள பாடம் நடந்துட்டே இருக்கும். 'லாக்டவுன்'தான் உள்ள ஆபத்து: கதவப் பூட்டி, வெளக்கணைச்சு, கண்ணுக்குத் தெரியாத மூலைக்குப் போயி சத்தமில்லாம இருக்கறது. 'இவேக்குவேட்' வெளியேறு, 'ஷெல்டர்'ன்னா சூறாவளி மாதிரி நேரத்துல பாதுகாப்பான எடத்துல ஒதுங்கறது. 'செக்யூர்'னு ஒரு மெசேஜ் வந்ததுமே கோபியில இருந்து ஈரோடு வரைக்கும் போன் போட்டு அழ வெக்கறது வேண்டாங்க.

மிச்சிகன்ல வருசத்துக்கு மூணு லாக்டவுன் ஒத்திகை சட்டப்படி நடக்கோணும். மூணாவது படிக்கற பையன் சாயங்காலம் வந்து 'இன்னிக்கு மூலையில ஒளிஞ்சோம்'னு சாதாரணமாச் சொல்லுவான். நீங்க அதிர்ச்சி ஆயிட்டீங்கன்னா அடுத்த தடவை சொல்ல மாட்டான். லாக்டவுன் நேரத்துல பெரிய பிள்ளைகளோட போனுக்கு அழைக்காதீங்க. மணியடிச்சா ஒளிஞ்சிருக்கற எடம் தெரிஞ்சுபோகும்.

அங்க ஸ்கூல் நடக்கற நேரம் நம்மூர்ல சாயங்காலமும் ராத்திரியுங்க, சீரியல் ஓடற நேரம். டிவியில 'அமெரிக்கப் பள்ளியில்'னு கீழ ஓடுனதும் சொந்தக்காரங்க முப்பது பேரு மகளுக்கு அழைப்பாங்க. ஊர்ல ஒருத்தரை, சித்தப்பாவோ மச்சானோ, 'இவருக்குத்தான் நாங்க தகவல் சொல்லுவோம், மத்தவங்க இவரக் கேளுங்க'ன்னு இப்பவே சொல்லி வெச்சுருங்க.

காங்கயம் காளை:
சட்டத்துக்கு வர்றேன். ஆக்ஸ்ஃபோர்டு கேசைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வெளங்கிரும். 2021 நவம்பர் 30. நாலு மாணவர்கள் செத்தாங்க. சுட்டவனுக்கு 15 வயசு. துப்பாக்கி, நாலு நாள் முன்னாடி அப்பன் வாங்கினது. அன்னிக்குக் காலையில அவன் கணக்குத் தாள்ல வரைஞ்ச படத்தைப் பாத்துப் பள்ளி பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசுச்சு. அவங்க பையனைக் கூட்டிப் போகாம வேலைக்குத் திரும்பிட்டாங்க, பையை யாரும் சோதிக்கல. பையன் 2022 அக்டோபர்ல குத்தத்த ஒத்துக்கிட்டான், 2023 டிசம்பர்ல பரோல் இல்லாத ஆயுள். மிச்சிகன்ல தூக்கு கெடையாது, 1847-லயே எடுத்தாச்சு. 2024-ல அவன் அம்மா ஜெனிஃபர் கிரம்ப்ளி, அப்பன் ஜேம்ஸ் கிரம்ப்ளி ரெண்டு பேரு மேலயும், கொல்ற எண்ணம் இல்லாம அலட்சியத்தால சாவுக்குக் காரணமான குத்தம்னு தனித்தனி ஜூரி (பொதுமக்கள்ல இருந்து எடுக்கற தீர்ப்புக் குழு) சொல்லுச்சு, நீதிபதி 10-ல இருந்து 15 வருசம் குடுத்தாங்க. பள்ளியில பிள்ளை கூட்டமாச் சுட்டுக் கொன்னதுக்குப் பெத்தவங்களை இந்தக் குத்தத்துல தண்டிச்சது அமெரிக்காவுல அதுதான் மொத தடவை.

அந்தச் சூட்டுக்கப்பறம் வந்த சட்டப்படி, 2024 பிப்ரவரி 13-ல இருந்து அந்த மாநிலத்துல, 18 வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கற ஊட்டுல துப்பாக்கியப் பூட்டித்தான் வெக்கோணும். பூட்டாம விட்டு பிள்ளை எடுத்து ஒருத்தர் செத்தா 15 வருசம் வரைக்கும் செயில். அதனால பேரன் வெளையாடப் போற ஊட்ல 'துப்பாக்கி இருக்குதா, பூட்டியிருக்கா'ன்னு கேக்கறது அங்க மரியாதைக் கொறைவு இல்லீங்க. நாய் இருக்கா, கடலை அலர்ஜி உண்டான்னு கேக்கறதோட சேத்துக் கேட்டுருங்க.

இப்ப விசா. நம்மூர்ல தோட்டத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி, எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கறது தெரிஞ்ச விசயம். அங்க கடையில வாங்கறது சுலபமாத் தெரியும். ஆனா எச்1பி, எச்4, விசிட்டர் எல்லாருமே கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெக்கக் கூடாது. 15 வருசம் வரைக்கும் தண்டனை, நாடு கடத்தலும் வரும். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவெலக்கு உண்டு, அதை வக்கீலக் கேக்காம நம்பாதீங்க. மாப்பிள்ளையை ஆபீஸ்ல கூட்டாளிக சுடுதளத்துக்குக் கூப்பிட்டா வாடகைத் துப்பாக்கியைப் பிடிக்கறதுகூட 'வைத்திருத்தல்'தான். 'சும்மா போட்டோவுக்கு'ன்னு இன்ஸ்டாவுல போடறவங்க, அவங்களே சாட்சி தயார் பண்ணிக் குடுக்கறாங்க.

கோபி அப்புச்சி:
நல்லா வெளங்குச்சுங்க. பேரனுக்குன்னு கேப்பு வெடிக்கற தீபாவளித் துப்பாக்கி வாங்கி வெச்சிருக்கறேன், பெட்டியில வெக்கலாமுங்களா?

காங்கயம் காளை:
கோபியிலயே வெச்சுட்டுப் போங்க. கேப்பு வெடிமருந்து, விமானத்துல கூடவே கூடாது. பொம்மையா இருந்தாலும் பையில ஸ்கூலுக்குப் போச்சுன்னா பல மாவட்டங்கள்ல சஸ்பென்ஷன். பெரிய பசங்களுக்கு இன்னொண்ணு: 'நாளைக்கு ஸ்கூல் காலி'ன்னு சாட்ல விளையாட்டாப் போட்டாக்கூடப் போலீஸ் ஊட்டுக்கு வரும். பையனக் கேள்வி கேக்க வந்தா 'அப்பா அம்மாவும் வக்கீலும் வரட்டும்'னு மட்டும் மரியாதையாச் சொல்லப் பழக்குங்க. பெத்தவங்க கூடவே இருக்கோணும்னு எல்லா எடத்துலயும் கட்டாயம் இல்ல.

பாரியூர் மணி:
இதுமாதிரி நடந்தா பள்ளி மேல கேசு போட்டா கோடிக்கணக்குல குடுப்பாங்களே, அதையும் சொல்லுங்க.

கூடுதுறை:
அது அவ்வளவு நேரானது இல்லீங்க. ரெண்டு தனித்தனி விசயம்.

கிரிமினல் கேசு அரசாங்கத்தோடது. கவுண்டி அரசு வழக்கறிஞர்தான் நடத்துவாரு, நாம வக்கீல் வெக்கற வேலையில்ல. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரம் பேசறதும் அவர்தான். நமக்கு ஒரு உதவியாளரை ஒதுக்குவாங்க. வாய்தா தேதி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அவர் மூலமா. தண்டனை சொல்ற நாள்ல பாதிக்கப்பட்ட குடும்பம் நீதிபதிகிட்டப் பேசலாம், எழுதியும் குடுக்கலாம்.

சிவில் கேசு நம்முது. இங்கதான் முட்டுக்கட்டை. அரசுப் பள்ளி மேல சுலபமா கேசு போட முடியாதபடி சட்டப் பாதுகாப்பு இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு குடும்பங்க பள்ளி மேல போட்ட வழக்கை மிச்சிகன் கோர்ட்டு 2023-லயும், மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2024-லயும் தள்ளுபடி பண்ணிருச்சு. காசு வந்த கேசுக வேற வழியில வந்தது: பார்க்லாண்டு பள்ளிச் சூட்டுல (2018, 17 பேரு செத்தாங்க) முன்னெச்சரிக்கையை எஃப்பிஐ கோட்டை விட்டதுக்கு 12.75 கோடி டாலர். சாண்டி ஹூக் பள்ளிச் சூட்டுல (2012, 26 பேரு செத்தாங்க) ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியோட விளம்பரத்தைப் பிடிச்சுப் போட்ட கேசுல 2022-ல 7.3 கோடி டாலர்.

இதுல பெரும்பாலும் தவறிப்போறது கெடு. நியூயார்க்ல பள்ளி மாவட்டத்துக்கு 90 நாளுக்குள்ள நோட்டீஸ் குடுக்கோணும். கலிஃபோர்னியாவுல காயத்துக்கும் சாவுக்கும் ஆறு மாசம். கூட்டரசு நிறுவனம்னா ரெண்டு வருசம், அதுக்குன்னு தனிப் படிவம். காரியம் முடிஞ்சு ஊர் வந்து திரும்பறதுக்குள்ள 90 நாள் ஓடிரும். அதுனால ஒரு வக்கீலைக் கேட்டு நோட்டீஸ் மட்டும் குடுத்து வெச்சா, கேசு போடறதா வேண்டாமான்னு பொறவு மெதுவா யோசிக்கலாம். வக்கீலுங்க ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு வரைக்கும், சில நேரம் அதுக்கு மேலயும் எடுப்பாங்க. தேடி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல கையெழுத்துக் கேக்கறவரு கிட்டப் போடாதீங்க.

கோர்ட்டுக்குப் போகாமலே கெடைக்கறது மாநிலத்தோட குற்றப் பாதிப்பு இழப்பீடு: ஆஸ்பத்திரி, மனநல ஆலோசனை, இறுதிச் சடங்கு, வேலை இழந்த சம்பளம். இன்சூரன்ஸ் குடுத்தது போக மீதிக்கு. ரசீதெல்லாம் எடுத்து வெச்சு, கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறங்கறதால சீக்கிரம் போடுங்க.

விசா பக்கம்: பாதிக்கப்பட்டு, போலீசுக்கு ஒத்துழைச்சவங்களுக்கு 'யு' விசா இருக்கு. ஐ-918 படிவம், கட்டணம் இல்ல. அதோட போலீசோ அரசு வழக்கறிஞரோ கையெழுத்துப் போட்ட சான்று வேணும், கையெழுத்துப் போட்டு ஆறு மாசத்துக்குள்ள அனுப்போணும். கையெழுத்துப் போட அவங்களுக்குக் கட்டாயமில்ல. வருசத்துக்குப் பத்தாயிரம்தான், அதுனால வரிசை நெம்ப நீளம். கொலையான பிள்ளைக்கு 21 வயசு ஆகலைன்னா பெத்தவங்களே நேரடியா விண்ணப்பிக்கலாம்.

வாட்ஸ்ஆப்ல 'சுட்டவன் இவன்தான்'னு போட்டோ அனுப்பறதும் சட்டப் பிரச்சினைதான். சாண்டி ஹூக் நடக்கவே இல்லைன்னு பரப்பின அலெக்ஸ் ஜோன்சை 2022-ல கனெக்டிகட் ஜூரி 96.5 கோடி டாலர் குடுக்கச் சொல்லுச்சு.

கோபி அப்புச்சி:
நன்றிங்க. ஒரு சந்தேகம். என்ற பாஸ்போர்ட்டுல ஒரே பேருதான், குடும்பப் பேருன்னு எதுவும் இல்ல. அதுல ஏதாச்சும் வருமுங்களா?

நொய்யல்கரை:
வருமுங்க. அமெரிக்க விசாவுல உங்க பேரைக் குடும்பப் பேரு எடத்துல போட்டு, முதற்பேரு எடத்துல 'எஃப்என்யு'ன்னு (முதற்பேரு தெரியலங்கறதோட இங்கிலீஷ் சுருக்கம்) அச்சடிச்சிருப்பாங்க. ஸ்கூல் ஆபீசுல மகளை ரெண்டு விதமாவும் பதிய வெக்கச் சொல்லுங்க, பாஸ்போர்ட்டுப் பக்கத்தோட நகலையும் விசாப் பக்கத்தோட நகலையும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க போயி எறங்குன மொத வாரத்துலயே பேரனோட ஆபீஸ் அம்மாகிட்ட நேர்ல ஒரு தடவை பாஸ்போர்ட்டைக் காட்டிருங்க.