பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஏரி, குளம், சதுப்பு நிலம்: அக்டோபர் கடைசியில் எங்கே போகலாம்?

ஊசுடு_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பாரிஸ் பக்கத்துச் சார்செலில். அக்டோபர் கடைசி வாரம் புதுச்சேரியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், நவம்பர் நடுவரை இருப்பார்கள். பாரிஸைப் போன தடவையே சுற்றிக் காட்டியாகிவிட்டது, அப்பாவுக்கு அதில் பெரிய ஈடுபாடும் இல்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்ததிலிருந்து காலையில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஊசுடு ஏரிக்கரைக்குப் போவதுதான் அவருக்கு வேலை. அதனால் இந்தத் தடவை ஊர்ப்புறமாகப் போய் ஏரியோ குளமோ சதுப்போ காட்டலாம் என்று நினைக்கிறேன். அன்னெசி மாதிரி மலையடி ஏரி வேண்டாம், கூட்டமும் விலையும் தாங்காது. கார் இருக்கிறது. ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் ஓட்டுவேன், அதற்கு மேல் பிள்ளைகள் விடமாட்டார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. அந்த நேரத்தில் பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை வெறும் குளிரும் சேறும்தானா?

நாணல்:
அந்தத் தேதிக்கு யோசிக்கவே வேண்டாம், ஷாம்பாஞ் பக்கம் டெர் ஏரிக்குப் போங்கள். பாரிஸிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். வடக்கே ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஸ்பெயினுக்கு இறங்குகிற சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் வழியில் தங்குவது அங்கேதான். நவம்பரில் சில ஆண்டுகள் ஒரே நேரத்தில் லட்சத்துக்கும் மேல் இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலடி உயரம், சத்தம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கேட்கும், எக்காளம் ஊதுவது போல.

அது இயற்கை ஏரி இல்லை. பாரிஸ் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க மார்ன் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பித் தேக்கக் கட்டியது, 1974-ல் முடிந்தது, 48 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நிரப்புவார்கள், கோடையில் ஆறு வற்றும்போது திறந்து விடுவார்கள். அதனால் இலையுதிர் காலத்தில் தண்ணீர் ரொம்பக் கீழே போய், மைல் கணக்கில் சேற்றுத் திட்டு தெரியும். மனிதர்களுக்கு அது அசிங்கமாகத் தெரியலாம், பறவைகளுக்கு அதுதான் வேண்டும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடியே தூங்கினால் நரி கிட்டே வர முடியாது, வந்தாலும் தண்ணீர் சலசலக்கும். வெள்ளத் தடுப்புக்காகப் போட்ட கணக்கு பறவைகளுக்கு இப்படி ஒத்துப்போனதை அன்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பகலில் ஏரியில் தேடாதீர்கள், இருக்காது. விடியும்போது கிளம்பி மக்காச்சோளம் அறுத்த வயல்களில் சிந்தியதைப் பொறுக்கப் போய்விடும், சாயங்காலம்தான் திரும்பும். ஷாந்த்கோக் பக்கத்து அணைக்கரையில் காரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று பார்க்கலாம், அப்பா நடக்கவே வேண்டாம். குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் மாற்றிய பிறகு ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நான்கு மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.

வன்னிக்குளம்:
தம்பி, டெர் சரிதான், நானும் அதுக்குத்தான் வாக்குப் போடுவேன். ஆனால் மற்ற இடங்களுக்கும் போகிற யோசனை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கோ. எங்களுடைய ஊரில் குளம் என்றால் ஊருக்குப் பொது, யாரும் போய்க் குளக்கட்டில் இருக்கலாம். இங்கே வரைபடத்தில் நீலமாகப் புள்ளி புள்ளியாய்த் தெரிகிற குளங்களில் பெரும்பகுதி தனியார் காணிக்குள் இருக்கிறது. பாரிஸுக்குத் தெற்கே சொலோஞ் பக்கம் போனால் வீதிக்கு வீதி குளம், ஆனால் வேலிக்கு மேலால் எட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த உயரமான கம்பி வேலிகளைக் குறைக்கச் சொல்லி 2023 பிப்ரவரியில் சட்டம் வந்தது, நல்ல விஷயம், ஏனென்றால் மான், பன்றி ஒன்றும் அங்கால் இங்கால் போக முடியாமல் இருந்தது. ஆனால் அதே சட்டத்தில், தனியார் காணி என்று பலகை போட்ட காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ கால் வைத்தால் 135 யூரோ தண்டம் என்றும் சேர்த்துவிட்டார்கள். வேலி பதிந்தது, பலகை முளைத்தது. வாசித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கோ.

மற்றது, நீங்கள் வருகிற நேரம் வேட்டைக் காலம். செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை இருக்கும். ஞாயிறு காலமையில் காட்டோரக் குளங்களில் வெடிச் சத்தம் வடிவாகக் கேட்கும். பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் ஆரஞ்சு நிற மேற்சட்டை ஒன்று வாங்கிப் போடுங்கோ, விளையாட்டுச் சாமான் கடையில் பத்து யூரோவுக்குள் கிடைக்கும்.

கெண்டைக்காரன்:
டெர் பற்றிச் சொன்னவர்கள் சொன்னது சரி, ஆனால் ஒரு இரவு தங்க முடியுமென்றால் பிரென் போகாமல் விடாதீர்கள். ஷாத்தோரூவுக்கு மேற்கே, சார்செலிலிருந்து மூன்று மணி நேரம் கொஞ்சம் தாண்டும், பிள்ளைகளை எங்காவது இறக்கி ஓட விடுங்கள். ஆயிரம் குளங்களின் நாடு என்று விளம்பரம் செய்வார்கள், உண்மையில் அதைவிடப் பல மடங்கு இருக்கின்றன. எல்லாமே மனிதன் வெட்டியவை. களிமண் நிலம், தண்ணீர் இறங்காது, விவசாயமும் சரியாக வராது. இடைக்காலத்து மடத்துத் துறவிகளுக்கோ விரத நாள்களில் இறைச்சி கூடாது, மீன் வேண்டும். சரி என்று கரை கட்டித் தண்ணீரைத் தேக்கிக் கெண்டை வளர்க்க ஆரம்பித்தார்கள், அது இன்றுவரை நடக்கிறது. ஒரு குளத்தின் மதகைத் திறந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். நம் கண்மாய்ச் சங்கிலியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

பறவைக்கென்றே போவதானால் ஏப்ரல் முதல் ஜூன்தான் பிரெனுக்கு நேரம், அதை மறைக்க மாட்டேன். அல்லி இலை மேல் கூடு கட்டும் மீசை ஆலா, நாணலுக்குள் செந்நாரை, அப்புறம் முட்டையிட இடம் தேடி ரோட்டைக் கடக்கிற குளத்து ஆமைகள், எல்லாம் அப்போதுதான். நீங்கள் வருகிற நேரத்தில் பார்க்க வேண்டியது வேறு: குளத்தை வடித்து மீன் பிடிப்பது. மதகை முன்கூட்டியே திறந்து நாள் கணக்கில் வடிய விடுவார்கள். கடைசியில் மதகடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், குளத்து மீன் முழுவதும் அதில். விடிகாலைக் குளிரில் மார்பு வரை ரப்பர் உடை போட்ட ஆட்கள் வரிசையாக இறங்கி வலையை ஒடுக்கிக்கொண்டே வருவார்கள். வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கொதிப்பது போல் புரளும். கரையில் ஒரு மேஜை போட்டு, கெண்டை ஒரு தொட்டி, பைக் என்கிற வேட்டை மீன் ஒரு தொட்டி, பொடி மீன் தனி என்று கைவிரல் விறைக்க விறைக்கப் பிரிப்பார்கள். பக்கத்திலேயே கொக்கும் நாரையும் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். ரொனே ஊருக்குப் பக்கத்தில் புஷே என்ற இடத்தில் பிரென் இயற்கைப் பூங்காவின் அலுவலக வீடு இருக்கிறது, எந்தக் குளம் எப்போது வடிக்கிறார்கள், வெளியாட்கள் பார்க்கலாமா என்று அங்கே கேளுங்கள். கெண்டையை மெல்லிசாகச் சீவிப் பொரித்துத் தருவதையும் அந்தப் பக்கம் சாப்பிட்டுப் பாருங்கள். முள் இருக்காதா என்று என் மாமியார் பயந்தார், பிறகு இரண்டாவது தட்டு வாங்கினார்.

வன்னிக்குளம் அண்ணன் சொன்ன தனியார் நிலப் பிரச்சினை இங்கேயும் உண்டு. அதனால் ஷெரீன் இயற்கைக் காப்பகத்தின் மரக்குடில்களில் போய் உட்காருங்கள், சுவரில் கண் உயரத்துக்குச் சன்னல் வெட்டியிருக்கும், காசு கிடையாது. பிள்ளைகள் ஓட வேண்டுமென்றால் பெல்பூஷ், அது பொதுக்குளம், சுற்றி நடைபாதை இருக்கிறது.

லியோன்காரி:
லியோன் பக்கம் வருவீர்களானால் தோம்ப். அங்கும் ஆயிரத்துக்கு மேல் குளம், அங்கும் கெண்டை, ஆனால் ஒரு வித்தியாசம்: சில ஆண்டுகள் தண்ணீர் நிறுத்தி மீன் வளர்த்துவிட்டு, ஒரு ஆண்டு காயப்போட்டு அதே குளத்துக்குள் ஓட்ஸோ மக்காச்சோளமோ விதைப்பார்கள். போன தடவை படகு பார்த்த இடத்தில் இந்தத் தடவை டிராக்டர் நிற்கும். வில்லார்-லே-தோம்பில் பறவைப் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து இதற்காக மட்டும் வர வேண்டாம், தூரம் அதிகம்.

வழிப்போக்கன்:
மேற்குப் பிரான்ஸின் சதுப்பு நிலம் மரே புவாத்வேனுக்குப் போகலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், நவம்பரில் வேண்டாம். கூலோன் வாய்க்கால்களில் தட்டைப் படகில் போவதுதான் அங்கே விஷயமே, படகுக்காரர் துடுப்பால் அடிச்சேற்றைக் கிளறி மேலே வருகிற வாயுவில் நெருப்பு வைத்துக் காட்டுவார், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதற்கு மே மாதம் போங்கள்.

ஊசுடு_பையன்:
இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் டெர் பற்றிச் சொன்னேன், இப்போதே கிளம்பத் தயார். இரண்டு சந்தேகம். அம்மா சைவம், முட்டையும் கிடையாது, அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பகல் முழுக்கப் பறவை ஏரியில் இல்லையென்றால் அதுவரை இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாணல்:
சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள், வேறு வழியே தேடாதீர்கள். கிராமத்து உணவகங்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும், திங்கட்கிழமை பாதிக் கடை பூட்டு, சைவம் என்று கேட்டால் சீஸ் போட்ட சாலட் வரும். புளியோதரையும் ஒரு பிளாஸ்க் டீயும் போதும்.

பகலுக்கு: காலையில் பக்கத்துச் சின்ன ரோடுகளில் மெதுவாக ஓட்டுங்கள், அறுத்த வயல்களில் கூட்டம் கூட்டமாக மேயும். காரைவிட்டு இறங்காதீர்கள், கதவு திறந்த சத்தத்திலேயே மொத்தமும் எழும்பிவிடும். கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே பார்க்கலாம், அப்பாவின் முட்டிக்கும் நல்லது. சேன்-ரெமி-ஆன்-பூஸ்மோன்-சேன்-ஜெனே-எ-இசோன் என்று ஒரு ஊர், பிரான்ஸிலேயே நீளமான பெயருள்ள ஊர், பெயர்ப் பலகை முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுங்கள். விவசாயிகளின் விதைப்பைத் தின்னாமலிருக்க அங்கே ஒரு பண்ணையில் பெருங்கொக்குகளுக்கென்றே தானியம் போடுகிறார்கள், பார்க்கக் குடிலும் உண்டு. மத்தியானம் சேன்ட்-மரி-து-லாக். இந்த ஏரிக்காக மூன்று ஊர்களைக் காலி செய்து மூழ்கடித்தார்கள், அதில் நுயிஸ்மோன் ஊரின் மரச்சட்ட தேவாலயத்தை மட்டும் பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஷாம்போபேர் ஊரில் தேவாலயம் மட்டும் தண்ணீர் ஓரத்திலேயே தனியாக நிற்கிறது, காரில் கிட்டே போகலாம்.

பறவைக்காய்ச்சல் செய்தி வந்திருந்தால் கரையில் செத்துக் கிடக்கிற எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷூவை வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். அணைக்கரையில் காற்று எலும்பை அறுக்கும், அம்மாவுக்குக் குல்லாவும் கையுறையும் கட்டாயம்.