தெற்குத் தோப்பின் மூன்று பத்திரங்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். அடியில் தெற்குத் தோப்பின் கிரயப் பத்திரங்கள் மூன்று. செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, மூன்றிலும் ஒன்றுதான்: கிழக்கே கடற்கரை, மேற்கே வண்டிப்பாதை. தலைப்புதான் மாறிக்கொண்டே வருகிறது. முதல் பத்திரத்தில் மதுரை ஜில்லா. அடுத்தது 1910க்குப் பிந்தையது. மதுரை, திருநெல்வேலியிலிருந்து பிரித்து நம் ஜில்லாவை உண்டாக்கிய வருடம் அது. அதனால் இராமநாதபுரம் ஜில்லா. இரண்டிலும் ஜமீன் பெயர் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் முடிந்துபோனது.

"ஜமீன்னா ராஜாதானே?" என்று என் மகள் கேட்டாள். இல்லையம்மா என்றேன். கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டி ஆண்டவர். அவர் ராஜா. முத்துராமலிங்க சேதுபதியும் ராஜாதான். சிறுவனாக இருக்கும்போதே, 1772இல், ஆற்காடு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் கோட்டையைப் பிடித்து அவரைத் திருச்சியில் அடைத்தன. பிறகு மீண்டு வந்து ஆண்டார். 1795இல் கம்பெனி மறுபடியும் சிறைப்பிடித்தது. 1809இல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார். அவர் உயிரோடு சிறையில் இருக்கும்போதே, 1803இல், சேதுபதி சீமையை வரி வசூலித்துக் கம்பெனிக்குக் கட்டும் ஜமீனாக்கி அவருடைய அக்காள் மங்களேசுவரி நாச்சியாரிடம் கொடுத்தார்கள். நம் பாட்டன்மார் கிஸ்தி, அதாவது நிலவரி, கட்டியது அந்த ஜமீனுக்குத்தான். சிறையில் இறந்த அந்த ராஜாவுக்கு ஊரில் ஒரு நினைவுக்கல்கூட இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இத்தனை மாறியும் தோப்பு கைவிட்டுப் போகவில்லை. கடல் அப்படியில்லை. அந்த ஜமீனில் சேர்ந்திருந்த கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. 285 ஏக்கர்தான். அங்கே வலை காயப்போட்டதையும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போனதையும் பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். 1976இல் எல்லை தாண்டி மீன்பிடிக்கவும் கூடாதென்று ஆனது. அதன்பின் பெரியப்பா வள்ளத்தை விற்றுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, ஓலை எதாவது இருக்கும். கரையான் தின்பதற்குள் படம் எடுத்து அனுப்புங்கள், ஒன்றாகச் சேர்த்து வைப்போம். சரி, அப்புறம் இன்னொன்று: முத்துராமலிங்க சேதுபதிக்குக் கல் நாட்ட முதல் பங்கு என்னுடையது.

அன்புடன்,
தெற்குத் தெரு, இப்போது ஷார்ஜா