புதுப்பிப்பு: ரேடாரில் நாடித்துடிப்பு தாவியது – ஆடியது பாட்டி அல்ல, தரை

போன மாதம் கேட்டிருந்தேன்: குன்னூர் வீட்டில் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூலை ஸ்டாண்டில் வைத்து, நாற்காலியில் உட்காரும் பாட்டியின் நாடித்துடிப்பை மார்பின் அசைவை வைத்துத் தொடாமல் அளந்தால், 80 என்று காட்டுவது திடீரென்று 110-க்குத் தாவுகிறதே, ஏன்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தீர்ந்துவிட்டது.

இரைச்சலை நீக்கும் ஃபில்டரை இறுக்கிப் பார்த்தது வீண். "பாட்டியை விடுங்கள், ரேடாரே ஆடுகிறதா பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதேதான். பழைய வீடு, பலகைத் தரை. அம்மா காபி டம்ளரோடு நடந்து வரும்போதெல்லாம் கிராஃப் குதித்தது. அலைநீளமே 5 மி.மீ.தான், ஸ்டாண்டு 1 மி.மீ. முன்பின் அசைந்தால் அலை போய்வரும் தூரம் 2 மி.மீ. மாறும்; அதனால் ஃபேஸ் (திரும்பி வரும் அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது; ரேடார் அசைவை அளப்பது இதை வைத்துத்தான்) 144 டிகிரி மாறிவிடும். துடிப்பால் மார்பு அசைவதோ சுமார் அரை மி.மீ.

பாட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரின் ஃபேஸைக் கழித்தேன். சுவர் நகராது, அதில் தெரியும் அசைவு ரேடாருடையது. பெரும்பாலும் சரியானது. அப்புறம் மாட்யூலையே கல்சுவரில் திருகி மாட்டினேன், தாவல் நின்றது.

எதிர்பாராதது ஒன்று. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 80 காட்டும்போதும் ரேடார் சில நேரம் 72-லேயே ஒட்டிக்கொண்டது. பாட்டியின் மூச்சு நிமிடத்துக்கு 18. அதன் நான்கு மடங்கு 72! மூச்சின் அசைவு சீரான அலை இல்லை என்பதால் அதன் மடங்குகளும் சிக்னலில் தெரியும்; அதில் ஒன்றை ரேடார் துடிப்பு என்று எடுத்துக்கொண்டது. மூச்சின் மடங்குகளை நீக்கியதும் வித்தியாசம் இரண்டு மூன்றுக்குள் வந்துவிட்டது.

குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்தும் அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் வழியில்லை. அவற்றை எண்ணாமல் தள்ளிவிடுகிறேன்.